ஒரு தலைமையாசிரியர் சொன்னார்

டெட்சா, 9 மார்ச் 1985
தபாலில்

அன்புள்ள ஸகேயோ அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருந்தால் நாங்களும் சுகமாக இருக்கிறோம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. உருளைக்கிழங்கு மட்டும் கொஞ்சம் அழுகிவிட்டது.

உன் மச்சான் யோத்தாமு ஒரு பயிற்சிக்குப் போயிருக்கிறார். பெரிய பயிற்சி என்கிறார்கள். எப்போது முடியும் என்று தெரியாது. பள்ளிக்கூட முகவரிக்கு அவருக்கு எழுதாதே. அங்கே வேறு தலைமையாசிரியர் வந்துவிட்டார். நானும் மகள் ஸியோனேயும் ஆசிரியர் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு அம்மா இருந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, மற்றபடி குறையில்லை.

நான் கட்சியின் மகளிர் ஆட்டக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். நாட்டுத் தலைவர் வருகிற இடங்களில் ஆட வேண்டும். அவர் முகம் அச்சடித்த புதுத் துணி கொடுத்தார்கள்.

அண்ணா, நீ அச்சகத்தில் எழுத்துக் கோத்துக் கோத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கவலையாக இருக்கிறது. வேலை நேரம் முடிந்த பிறகு செய்கிற மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு ஓய்வு எடு. இதை நீ கட்டாயம் கேட்க வேண்டும்.

உன் தங்கை,
எனெலெசி


லுசாகா, 2 ஏப்ரல் 1985
தபாலில்

அன்புள்ள எனெலெசிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், ஆடுகிற உடம்பு ஆயிற்றே. போன வாரம் இங்கே வந்த செய்தித்தாளில் படம் பார்த்தேன். விமானம் இறங்குகிற இடத்தில் நூறு பெண்கள், இடமிருந்து மூன்றாவது ஆளாக நீ. பெரியவருடைய முகம் உன் இடுப்பில் சிரிக்கிறது. அவர் முகத்தை எங்கே ஒட்டினாலும் உன் இடுப்பில் ஒட்டாது என்று நினைத்திருந்தேன். தலைமையாசிரியர் மனைவி, நாற்பத்து மூன்று வயது, கல்யாண வயதில் ஒரு மகள். உனக்கு ஏன் இந்த ஆசை?

மச்சான் என்ன சொன்னார்? பயிற்சி பயிற்சி என்று எழுதுகிறாயே, என்ன பயிற்சி, எந்த ஊரில்? இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவருக்கு இவர்கள் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்? மூன்று மாதமாக அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. பதவி உயர்வு வந்து மச்சானும் மாறிவிட்டாரா?

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஓய்வு தேவையில்லை.

ஸகேயோ


டெட்சா, 21 ஏப்ரல் 1985
லைமோனி கையில்

அண்ணா,

சுகம் விசாரிக்கவில்லை. உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அது பொய்யாகிவிடும்.

இது லைமோனியின் லாரியில் உருளைக்கிழங்கு மூட்டைக்குள் வருகிறது. தபாலில் போகிற எதையும் எங்கள் பகுதிக் கட்சித் தலைவர் காபசூலே முதலில் படிக்கிறான். உன் கடிதத்தை அவன் சந்தை வாசலில், பெண்கள் எல்லோரும் நிற்க, சத்தமாக வாசித்தான். "ஏம்மா, உன் இடுப்புல ஐயா முகம் ஒட்டாதாமே, உங்கண்ணன் எழுதியிருக்காரு. எங்க, ஆடு பாப்போம், ஒட்டுதா இல்லையான்னு" என்றான். தக்காளிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஆடினேன். சந்தையே பார்த்தது. இனிமேல் கேலி செய்ய வேண்டுமென்றால் கையில் வருகிற கடிதத்தில் செய்.

உன் மச்சான் எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை. பிப்ரவரி பதினொன்றாம் தேதி ஆறாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது ஜீப்பில் மூன்று பேர் வந்து கொண்டுபோனார்கள். வகுப்புப் பிள்ளைகளை எழுந்து நின்று கட்சிப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டுக் கொண்டுபோனார்கள். நாட்டை விட்டுப் போனவர்கள் சேர்ந்து அங்கே நடத்துகிறீர்களே, அந்தப் பத்திரிகை அவர்கள் கையில் இருந்தது.

நீ எழுதியது எனக்கு மனப்பாடம். 'டெட்சா பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் சொன்னார்: தலைவருடைய வண்டி வரும் என்று இருநூறு பிள்ளைகளை இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினார்கள். வண்டி நிற்காமல் போய்விட்டது. ஒரு சிறுமி மயங்கி விழுந்து இறந்தாள்.' பெயரைப் போடவில்லை, அதனால் பாதுகாப்பு என்று நினைத்தாய். டெட்சா பக்கத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது? அந்த வருஷம் எத்தனை பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமி செத்தாள்? அவர் கிறிஸ்மஸ் சமயத்தில் மனம் பொறுக்காமல் உனக்கு எழுதினார், பத்திரிகைக்கு எழுதவில்லை. நீ அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேறு நாட்டில், ஆற்றுக்கு அந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு வீரனாக இருப்பது சுலபம். அடி இந்தக் கரையில் விழுகிறது.

ஏன் ஆடுகிறாய் என்று கேட்டாய். ஆடாவிட்டால் கட்சி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். அட்டை இல்லாமல் சந்தைக்குள் விடமாட்டார்கள், பேருந்தில் ஏற்றமாட்டார்கள். பேருந்து இல்லாமல் நான் எந்தச் சிறை வாசலில் போய் அவரைத் தேடுவது? இதுவரை மூன்று சிறைக்குப் போய்விட்டேன். எல்லா இடத்திலும் அந்தப் பெயரில் ஆள் இல்லை என்கிறார்கள்.

எழுதுவதை நிறுத்து. அவர் திரும்பி வரும்வரை ஒரு வரி எழுதாதே.

எனெலெசி


லுசாகா, 12 மே 1985
லைமோனி கையில்

எனெலெசி,

இதை நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் எனக்கு நானே வக்கீலாக வாதாடியிருந்தேன்.

நிறுத்திவிட்டேன். பத்திரிகைக்காரர்களிடம் இனி என்னிடம் எதுவும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்களில் ஒருவன், "என்னய்யா, பயந்துட்டீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், யாரோ பிடித்துக்கொண்டார்கள். அவனை அடிப்பதில் என்ன நியாயம், அடிபட வேண்டியவன் நான்.

எல்லைக்கு வந்து, அந்தக் கட்டுரையை எழுதியவன் நான்தான், அவரை விடுங்கள் என்று சொன்னால் விடுவார்களா? நீ சரி என்றால் நாளைக்கே கிளம்புவேன்.

ஸகேயோ


டெட்சா, 10 ஆகஸ்ட் 1985
தபாலில்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் ஸகேயோ அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருந்தால் நாங்களும் சுகமாக இருக்கிறோம். தலைவரின் ஆட்சியில் நாட்டில் அமைதியும் விளைச்சலும் பெருகியிருக்கின்றன.

நம் ஸியோனேயின் நிச்சயதார்த்தம் அக்டோபர் 5, சனிக்கிழமை நடக்க இருக்கிறது. மாப்பிள்ளை பென்சன், தையல்காரர், நல்ல பிள்ளை. நம் வழக்கத்தில் பெண் தாய்மாமனுக்கு உரியவள் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டுக்காகப் பேசுகிறவர் உட்காரும் பாயில் பெற்ற தகப்பன் கூட உட்கார முடியாது. நீங்கள் வந்து உட்கார்ந்தால்தான் நிச்சயம் நிச்சயமாகும்.

பகுதித் தலைவர் மதிப்பிற்குரிய காபசூலே அவர்கள் எல்லா ஏற்பாடுகளையும் அன்புடன் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பழைய தவறுகள் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டன என்று சொல்லச் சொன்னார்கள். எல்லையிலிருந்து உங்களை அழைத்துவர வண்டி அனுப்பப்படும். உங்கள் மச்சானும் பயிற்சி முடிந்து அன்றைக்கு வீட்டில் இருப்பார்.

தவறாமல் வரவும்.

இப்படிக்கு,
எனெலெசி


லுசாகா, 27 ஆகஸ்ட் 1985
தபாலில்

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

தாய்மாமன் இல்லாமல் நம் வீட்டுப் பெண்ணை யாரும் கேட்டுவிட முடியாது. வருகிறேன். பழுப்புக் கோட்டைத் தோய்த்துத் தேய்த்து வைத்தாயிற்று. மச்சான் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு நான் வருவதுதான் சரி. காபசூலே அவர்களிடம் அக்டோபர் 4, காலை பத்து மணிக்கு எல்லையில் இருப்பேன் என்று சொல். வண்டி தவறாமல் வரட்டும்.

ஸியோனேக்கு என் ஆசிகள்.

ஸகேயோ


டெட்சா, 6 செப்டம்பர் 1985
லைமோனி கையில்

அண்ணா,

வராதே. பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு.

ஆகஸ்ட் கடிதத்தை எழுதியது என் கை, சொன்னது காபசூலே. என் வீட்டு நாற்காலியில், என் கோழியைத் தின்றுகொண்டு சொன்னான். "உனக்குப் புருஷன் வேணுமா, அண்ணன் வேணுமா? ரெண்டும் வேணும்னா கடையில போயி வாங்கிக்க" என்றான். வாசலில் கட்சியின் இளைஞர் படை ஆட்கள் இரண்டு பேர் ஸியோனேயைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எழுதினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயந்து மட்டும் எழுதவில்லை. உன்னைக் கொடுத்தால் அவர் வருவார் என்று நினைத்து எழுதினேன். அன்றைக்கே லைமோனியிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். கொடுக்கவில்லை. மூன்று வாரம், நீ வருகிறேன் என்று எழுத வேண்டுமே என்று ஜெபம் செய்தேன். இதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ அவரைக் கேட்காமல் எழுதினாய், நான் உன்னைக் கேட்காமல் எழுதினேன்.

உன் பதில் வந்ததும் காபசூலே சந்தோஷமாக வந்தான். "அவரு உயிரோட இருக்காருங்கறதுக்கு ஒரு வரி, அவரு கையெழுத்துல கொண்டு வாங்க. அப்பதான் நிச்சயத்துக்கு ஏற்பாடு செய்வேன்" என்றேன். மூன்றாம் நாள் செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தான். அவருடைய மூக்குக்கண்ணாடி. இடது காம்பில் அவரே செப்புக் கம்பி சுற்றிய கண்ணாடி.

"பாத்துக்க. அவரோடதுதானே? நல்லா இருக்காரு, ஜம்முனு இருக்காரு" என்று என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னான்.

"அப்போ அவரு எதை வச்சுப் பாக்குறாரு?" என்று கேட்டேன்.

காபசூலேயின் வாய் ஒரு நொடி மெல்லாமல் நின்றது. பிறகு, அங்கே வேறு கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள் என்றான். எனக்கு அந்த ஒரு நொடி போதும். அந்தக் கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கதவு எது, ஜன்னல் எது என்று தெரியாது. கைதிக்குக் கண் டாக்டரைக் கூப்பிட்டுக் கண்ணாடி செய்து கொடுக்கிற ஆட்களா இவர்கள்?

ஸியோனேயிடம் சொல்லவில்லை. நிச்சயம் முடியட்டும். நீ வந்தால் இரண்டு பேரும் போவீர்கள், எனக்கு ஒன்றும் கிடைக்காது. வராதே.

எனெலெசி


லுசாகா, 18 செப்டம்பர் 1985
லைமோனி கையில்

எனெலெசி,

பாதி நாளாக உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

எல்லைக்கு வண்டி அனுப்புகிறார்களாம், ஓர் அச்சுக்கோப்பவனுக்கு. அது என்ன வண்டி என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கிளம்பினேன். நான் உள்ளே போய் மச்சான் வெளியே வந்தால் நியாயம் என்று நினைத்தேன். இப்போது அதற்கும் வழியில்லை. நீ என்னை விற்க நினைத்ததில் எனக்கு வருத்தமில்லை. நல்ல விலைக்கு நினைத்தாய், அவர்கள்தான் ஏமாற்றிவிட்டார்கள்.

நான் வரவில்லை. தகப்பன் வழி ஆட்கள் யாரையும் என் பாயில் உட்காரவிடாதே. காலியாக இருக்கட்டும். கண்ணாடி விஷயத்தை எழுதச் சொல்லிக் கை அரிக்கிறது. உன்னைக் கேட்காமல் எழுதமாட்டேன்.

ஸகேயோ


டெட்சா, 9 அக்டோபர் 1985
தபாலில்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் ஸியோனே. தபாலில் போட்டால் திறப்பார்கள் என்று தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். திறந்து படிக்கிற காபசூலே ஐயாவும் ஒரு முறை நிதானமாகப் படிக்கட்டும். அன்றைக்கு அவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லைக்கு நீங்கள் வராததால் முகம் கடுகடுவென்று இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா, சைக்கிள் கடை வைத்திருப்பவர், சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கப்படி கேட்டார்: "இந்த வீட்டுல ஒரு கோழியைப் பாத்தோம். கோழிக்கு உடையவரு யாரு?"

உங்கள் பாய் காலியாகக் கிடந்தது. அம்மா எழுந்துபோய் அதில் உட்கார்ந்தார். எந்தப் பெண்ணும் அந்தப் பாயில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஊர்ப் பெண்கள் சிலர் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அம்மா பேசியதை எனக்கு நினைவிருக்கிறபடியே எழுதுகிறேன்.

"உடையவ நாந்தான். இந்தப் பாயில உக்கார வேண்டிய எங்கண்ணன் லுசாகாவுல இருக்கான். வந்தா புடிச்சுக்கிட்டுப் போக எல்லையில வண்டி நின்னுச்சு. அனுப்புனவரு இதோ உக்காந்து என் சோத்தைத் திங்கிறாரு. பொண்ணோட அப்பா பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. புள்ளைங்களை வெயில்ல நிறுத்திக் கொன்னுட்டாங்கன்னு சொன்னாரு. அதான் அவரு பண்ண குத்தம். எட்டு மாசம் ஆச்சு. இது அவரு கண்ணாடி. இதைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, ஆளைக் குடுக்கல. எங்க பொதைச்சீங்கன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் போயி அழுதுட்டு வர்றேன். அப்புறம் எத்தனை நாள் ஆடச் சொன்னாலும் ஆடுறேன்."

அப்பா இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மாமா.

காபசூலே எழுந்து, "இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. பாடுங்கடி" என்று ஆட்டக் குழுப் பெண்களைப் பார்த்துச் சொன்னார். முப்பது பேர் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கூட வாயைத் திறக்கவில்லை. அவர் இரண்டு முறை சொன்னார். பிறகு போய்விட்டார்.

பாதிப் பேர் பயந்து வேலி வழியாக நழுவினார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பென்சனின் மாமாவும் எழுந்தார். ஆனால் அவர், "உடையவங்க சொன்னதைக் கேட்டோம். எங்க சேவல் இங்கயே இருக்கட்டும்" என்று சேவலை அம்மா மடியில் வைத்தார். நிச்சயம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அம்மா சோள மாவு இடித்துக்கொண்டிருந்தபோது, ஐந்து பேர் வந்தார்கள். மூன்று பேரை எனக்குத் தெரியும்: காபசூலே, அவர் மைத்துனர் டிமேலோ, இளைஞர் படை மாத்தியாசி. முகத்தைக் கழுவிக்கொள்கிறேன் என்றார் அம்மா. விடவில்லை. மாவு படிந்த கையோடு கொண்டுபோனார்கள். எங்கே என்று சொல்லவில்லை.

நான் மாமாவைக் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். வராதீர்கள்.

உங்கள் மருமகள்,
ஸியோனே


லுசாகா, 24 அக்டோபர் 1985
லைமோனி கையில்

அன்புள்ள ஸியோனேக்கு,

உன் கடிதம் ஆறே நாளில் வந்து சேர்ந்தது. டெட்சாவிலிருந்து ஒரு கடிதம் ஆறு நாளில் வந்து நான் பார்த்ததில்லை. பிரித்து மறுபடி ஒட்டிய பசை கூடக் காயவில்லை. ஒரு வரியையும் அடிக்கவில்லை. ஏன் தெரியுமா? உன் அம்மாவை எழுதவைத்த கடிதத்துக்கு நான் வரவில்லை. நீ எழுதியதைப் படித்தால் தாங்கமாட்டாமல் ஓடி வருவேன் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கணக்குச் சரிதான். கடிதம் வந்த அன்றைக்கே பேருந்து நிலையம் வரைக்கும் போய்விட்டேன். மாமி பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

உன் கடிதத்தை நானே எழுத்துக் கோத்து வைத்திருக்கிறேன். உன் அம்மா பேசியது, அந்த ஐந்து பேர், உன் அப்பாவின் கண்ணாடி, எல்லாம். பத்திரிகைக்காரர்கள் இன்றைக்கே வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டு வானொலியிலும் வாசிப்பார்களாம். வாசித்தால் அம்மாவை விடலாம். விடாமல் உன்னையும் கொண்டுபோகலாம். இரண்டில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் பொய்.

போன முறை நான் கேட்கவில்லை. கேட்காததற்கு உன் அப்பா போனார். இந்த முறை கேட்கிறேன். வேண்டாம் என்றால் எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிடுவேன். ஏன் என்று கேட்கமாட்டேன்.

மாமா


டெட்சா, 3 நவம்பர் 1985
லைமோனி கையில்

அன்புள்ள மாமாவுக்கு,

அச்சடியுங்கள்.

பென்சனிடமும் அவர் மாமாவிடமும் கேட்டுவிட்டேன். அவர்களும் சரி என்றார்கள். பென்சனின் மாமா மட்டும் சைக்கிள் கடை என்று போட வேண்டாம் என்றார். மறுநாள் வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

ஒன்றே ஒன்று. தலைமையாசிரியர் ஒருவர், பெண் ஒருத்தி, மகள் ஒருத்தி என்று போடாதீர்கள். அப்பா பெயர் யோத்தாமு சிங்கோனி. அம்மா பெயர் எனெலெசி சிம்பேப்போ. வெயிலில் நின்று செத்த சிறுமியின் பெயர் லிதியா, வயது எட்டு. அவள் வீட்டாரிடமும் போய்க் கேட்டேன். அவள் அம்மா உள்ளே போய்ப் பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்து, எழுத்துப் பிழை இல்லாமல் போடச் சொல்லி, முழுப் பெயரைக் காட்டினார்: லிதியா கலுவா.

என் பெயர் ஸியோனே சிங்கோனி.